தறிநாட்டுக்காரி

என் மனைவி வெளிநாட்டு வேலைத் தேர்வில் இரண்டு முறை தோற்றுப்போனதற்குக் காரணம் அவளுடைய குரல். அந்த நாட்டு மொழி அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த மொழியில் அவள் வாயைத் திறந்தால், கேட்கிறவருக்குக் குழாயடிச் சண்டை ஒன்றின் நடுவில் வந்து மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இருபத்தாறு வருடமாக 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். இருமல் வந்தால்கூட வாசலுக்குப் போய் இருமிவிட்டுத்தான் திரும்புவேன். அவளோ நாற்பது தறி ஒரே நேரத்தில் ஓடும் ஷெட்டில் ஃபிட்டர். எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்த பெரியவர்கள் குடும்பம், படிப்பு, உயரம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். காதைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

தறி ஷெட்டுக்குள் போகாதவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க முடியாது. உள்ளே காலை வைத்ததும் நெஞ்சுக்கூடு அதிரும். அங்கே வேலை செய்கிறவர்கள் பேசுவதற்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தால் காதில் வாயை வைத்துக் கத்துவார்கள். கொஞ்சம் தள்ளி இருந்தால் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தால் கை ஜாடை. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் அறுந்தால் ஒரு ஜாடை, குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் ஒரு ஜாடை, டீ வந்துவிட்டது என்பதற்கு ஒன்று, மேஸ்திரி வருகிறார் என்பதற்கு இன்னொன்று. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவும்.

அங்கே எல்லாரும் அவளை 'ஃபிட்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். நின்றுபோன தறியை ஓட வைப்பது அவள் வேலை. கையில் ஸ்பேனர், முந்தானை இடுப்பில் செருகல், தலையில் ஒரு துணிக்கட்டு. முழங்கை வரைக்கும் எண்ணெய்.

இப்படிப்பட்டவளுக்கு வெளிநாட்டில் போய் வாழ வேண்டும் என்று ஆசை. அது நேற்று வந்த ஆசை இல்லை. கல்யாணமான புதிதிலேயே ஒரு தீவில் வாழ வேண்டும் என்றாள். நூலகத்திலிருந்து அந்தத் தீவைப் பற்றி நான்கு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன், நான் கொடுத்த கல்யாணப் பரிசுகளிலேயே செலவில்லாதது அதுதான். அந்தத் தீவு மொழியில் இருபது வார்த்தை கற்றுக்கொண்டாள். அப்புறம் மகள் பிறந்தாள், தீவு மூழ்கிப்போனது. மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் ஒரு மலைநாடு வந்தது. அந்த மொழியின் எழுத்தை எழுதிப் பழகி, மளிகைச் சீட்டைக்கூட அந்த எழுத்தில் எழுதிக் கடைக்காரரைத் திணறடித்தாள். ஒவ்வொரு நாடும் எங்கள் வீட்டில் இரண்டு மூன்று வருடம் குடியிருந்துவிட்டுப் போகும். நான் எதையும் தடுக்கவில்லை. எந்த நாட்டுக்கும் போகப் போவதில்லை என்பது எனக்குத் தெரியுமே!

கடைசியாக வந்த நாடு மட்டும் போக மறுத்தது. ஆலையில் பழைய தறிகளை எடுத்துவிட்டுப் புதுத் தறிகள் வைத்தார்கள். அவை வந்த நாட்டுக்கு என் மகள் வைத்த பெயர் 'தறிநாடு'. ஒவ்வொரு தறியிலும் அந்த நாட்டு மொழியில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. தறி செய்யும் கம்பெனி வருடா வருடம் ஒரு காலண்டரும் அனுப்பியது. அதில் ஏரி, ஏரிக்கரையில் சிவப்புக் கூரை வீடுகள், சைக்கிளில் ஆலைக்குப் போகும் பெண்கள். அந்தக் காலண்டரை அவள் சமையலறையில் மாட்டினாள். டிசம்பர் முடிந்த பிறகும் கழற்றவில்லை.

இந்த முறை மொழியை அவள் ஷெட்டிலேயே கற்றாள். காலையில் தறியின் பக்கச் சட்டத்தில் சாக்பீஸால் பத்து வார்த்தை எழுதுவாள். வேலைக்கு இடையில் ஒவ்வொன்றையும் பக்கத்துத் தறிக்காரியின் காதில் கத்துவாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு எழுத்தும் புரியாது. இருந்தாலும் பதிலுக்கு, "போடி பைத்தியக்காரி!" என்று தவறாமல் கத்துவாள். பேச்சுப் பழக்கத்துக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும் அல்லவா! இரண்டு வருடத்தில் ஷெட்டில் முப்பது பேருக்கு 'ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?' என்று அந்த மொழியில் கேட்கத் தெரிந்துவிட்டது. இந்த ஊர் ரயில் நிலையத்தையே அவர்களில் பாதிப்பேர் பார்த்ததில்லை.

வீட்டுப்பாடத்தை மட்டும் என்னிடம் கொடுப்பாள். அகராதியை வைத்துக்கொண்டு திருத்துவேன். அப்படித் திருத்தித் திருத்தி அந்த மொழியைப் படிக்க எனக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒரு வார்த்தைகூட வாய் திறந்து சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒருநாள் ஆலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். தறிநாட்டில் ஓர் ஆலைக்கு அனுபவமுள்ள ஃபிட்டர்கள் தேவை. குடும்பத்தோடு வரலாம். மொழி பேசத் தெரிய வேண்டும், அதற்கு நேர்முகத் தேர்வு உண்டு. ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது.

அவளுக்கு நாற்பத்து நான்கு. அன்று மாலை அந்தத் தாளையே கிழித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மத்தவங்க பாக்க வேண்டாமா?" என்றேன்.

"பாத்துட்டாங்க. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க" என்றாள்.

இத்தனை நாள் காலண்டரில் இருந்த நாடு கதவைத் தட்டுகிறது. எனக்கு ஐம்பது வயது. எனக்குத் தெரிந்த உலகம் நூலகத்தின் பதினாலு அலமாரிதான். பயத்தை மறைக்க வேண்டுமானால் கோபத்தைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவ வானமேறி வைகுண்டம் போனாளாம்! நீ வேணா போ. நான் வரல" என்றேன்.

கல்லூரியில் படிக்கும் மகள் குறுக்கிட்டு, "அப்பா, கோழியும் நீங்க பிடிச்சதில்ல" என்றாள்.

முதல் நேர்முகத் தேர்வு நகரத்தின் நடுவே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். கம்பளம் விரித்த அறை, குளிர்சாதனம், மேசையில் தண்ணீர்ப் பாட்டில், எதிரே ஒரு திரை. திரையில் தறிநாட்டுப் பெண் அதிகாரி ஒருவர். ஊசி விழுந்தால்கூடக் கேட்காது, அவ்வளவு தடிமனான கம்பளம். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருந்தது. அப்படியும் அவள் சொன்ன பதில் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. கீழ்த்தளத்துக் காவலாளிக்கும் கேட்டிருக்கிறது, மேலே ஓடி வந்துவிட்டார்.

"எங்கள் நாட்டில் ஏன் வாழ விரும்புகிறீர்கள்?" என்று அந்த அதிகாரி கேட்டிருக்கிறார்.

"உங்கள் நாட்டின் தூய்மையும் ஒழுங்கும் எனக்கு மிகவும் பிடிக்கும்!" என்று இவள் மேசை அதிரச் சொல்லியிருக்கிறாள். கூடவே இரண்டு கையாலும் ஜாடை. அந்த அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாராம்.

முடிவு தபாலில் வந்தது. 'விண்ணப்பதாரர் கடும் கோபத்தில் இருந்தார். பணியிடத்தில் பிறருடன் ஒத்துப்போவது கடினம்.' வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாயே வினையாகிவிட்டது.

இரண்டாவது முறைக்கு நான் வாத்தியாரானேன். இங்கேதான் நான் தப்புச் செய்தேன். ஒரு மாதம் தினமும் சாயங்காலம் உட்கார வைத்து, நூலகக் குரலில் பேசக் கற்றுக்கொடுத்தேன். குரல் ஏறினால் பென்சிலால் மேசையில் தட்டுவேன். கையை மடியில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அவளும் பாவம், பள்ளிப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டாள்.

தேர்வு நாளன்று அந்த அறையிலிருந்து எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. எனக்குப் பெருமை. பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"குரலை இறக்கினதும் வார்த்தையும் கூடவே இறங்கிடுச்சுங்க. ஒண்ணும் வரல" என்றாள்.

'தன்னம்பிக்கை இல்லை, பல கேள்விகளுக்குப் பதில் இல்லை' என்று கடிதம் வந்தது.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீடு நூலகமாகிவிட்டது. அவள் புத்தகத்தைத் தொடவில்லை. தறிச் சட்டத்தில் சாக்பீஸ் எழுத்து இல்லை என்று பக்கத்துத் தறிக்காரி வீடு தேடி வந்து சொன்னாள். "ஃபிட்டரம்மா திட்டு வாங்கவே வர்றதில்லண்ணே. எனக்கு வாய் நமநமங்குது" என்றாள். வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம்தான். வாழ்நாளெல்லாம் அமைதியைக் கட்டிக் காத்தவன் நான். அந்த மூன்று வார அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அவள் அந்த நாட்டுக்குப் போவது பயமாக இருந்தது உண்மை. அவள் போக ஆசைப்படாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "அந்த ரூம்தாங்க சரியில்ல."

எனக்குப் பழைய குணம் போகுமா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

"கூடம் கோணல்தான். நான் அளந்து பாத்துட்டேன்" என்றாள். "அவங்க எதுக்கு ஆள் எடுக்குறாங்க? தறிக்கு. அங்க போயி நான் கம்பளத்துலயா உக்காந்து பேசப்போறேன்? ஷெட்டுலதான பேசப்போறேன். அப்ப ஷெட்டுல வெச்சுக் கேக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. இருக்கிற ஒரு வாய்ப்பையும் கெடுத்துக்காத."

"கெட்டா என் வாய்ப்புதான கெடும்?"

அன்றைக்கே கடிதம் எழுதினாள். ஒன்பது வரி. 'உங்கள் அறையில் எனக்குப் பேச வரவில்லை. நான் மொழி கற்றது தறிக்குப் பக்கத்தில். என்னைத் தறிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக் கேளுங்கள். அங்கேயும் நான் தவறினால் பிறகு எழுத மாட்டேன்' என்று இருந்தது. அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு எழுத்துப் பிழைதான் இருந்தது. அதைத் திருத்திவிட்டு மற்றதைத் தொடாமல் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை நானே போய் அனுப்பிவிட்டு வந்தேன். நான் செய்த ஒரு நல்ல காரியம் அது.

பதில் வரப் பதினாறு நாள் ஆனது. ஒரே வரி: 'வியாழன், பகல் பதினொன்றரை மணி, உங்கள் ஷெட்டில், வீடியோ அழைப்பில்.'

ஷெட் மேஸ்திரி முதலில் தலையில் அடித்துக்கொண்டார். "இது மில்லா, சினிமாக் கொட்டகையா?" என்றார். பிறகு அவரே, போனைப் பிடிக்க ஒரு ஆளை உள்ளே விட ஒப்புக்கொண்டார். ஃபிட்டரம்மாவுக்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கையில்லாமல் அவளுக்குப் பேச வராது என்பது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆள் நான்.

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போனேன். ஒரு பிரயோசனமும் இல்லை. பல் ஆடியது. நாற்பது தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றையும் நிறுத்தக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். ஏழாம் நம்பர் தறிக்கு முன்னால் நின்றாள். நான் பக்கத்தில் நின்று, திரை எனக்கும் தெரியும்படி போனை அவள் நெஞ்சுக்கு நேராக நீட்டிப் பிடித்தேன்.

திரையில் பழைய பெண் அதிகாரிதான் வந்தார். அவருடைய அறையில் அமைதி. இங்கே பிரளயம். அவர் ஏதோ கேட்டார், இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், மறுபடி கேட்டார், கையை விரித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது அவர் யாரையோ கூப்பிட்டார். படம் ஆடி அசைந்து, ஒரு கதவைத் தாண்டி, வேறொரு இடத்துக்குப் போனது.

அது ஒரு தறி ஷெட். எங்கள் ஷெட்டைப் போலவே வரிசை, அதே தறிகள், அதே தூசு. முன்னால் நீலச் சட்டை போட்ட ஒரு வழுக்கைத் தலை மனிதர். கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டிருந்தார். அந்த ஆலையின் தலைமை ஃபிட்டர் அவர். வாயைத் திறந்தார் பாருங்கள், அப்படி ஒரு கத்தல்! என் மனைவியைவிட ஒரு பிடி அதிகம்.

அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அப்புறம் நான் ஒருத்தன் நடுவில் இருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். அவர் கத்தினார், இவள் கத்தினாள். சத்தத்தில் காதுக்கு எட்டாததை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஊடை அடிக்கடி அறுந்தால் முதலில் எதைப் பார்ப்பாய் என்றார். இவள் கையாலும் வாயாலும் வரிசையாகச் சொன்னாள். அவர் கட்டை விரலை உதட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ஜாடை காட்டினார். எங்கள் ஷெட்டில் அதற்கு டீ வந்துவிட்டது என்று அர்த்தம். "இப்போதா? நன்றி, பிறகு குடிக்கிறேன்!" என்று இவள் கத்தினாள். அவர்கள் ஊரில் அது எண்ணெய் போட்டாயா என்பதாம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இவளும் சிரித்தாள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் பக்கத்துத் தறிக்காரியும் சிரித்தாள்.

நடுவில் அவள் சட்டென்று கையைத் தூக்கினாள். "திரும்பிப் பாருங்கள்! உங்களுக்குப் பின்னால் மூன்றாவது தறி! மஞ்சள் விளக்கு!" என்றாள்.

அவர் திரும்பினார். ஓடினார். தொப்பையோடு அவர் ஓடியதைப் பார்க்க வேண்டுமே! ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் விரலில் அறுந்த பாவு நூல் ஒன்று இருந்தது. அதைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டி, நெற்றிக்குக் கையை உயர்த்தி இவளுக்கு ஒரு சலாம் போட்டார்.

பெண் அதிகாரி ஒரு தாளை அவர் முன்னால் நீட்டினார். அதில் இருந்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் போல. அவர் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டுக் கத்தினார்: "எங்கள் நாட்டில் ஏன் வாழ விரும்புகிறீர்கள்?"

தூய்மை, ஒழுங்கு என்ற மனப்பாடப் பதில் வரும் என்று காத்திருந்தேன். அவள் ஒரு கணம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அந்த மொழியில், சின்னச் சின்ன வாக்கியமாக, முழுக் குரலில் சொன்னாள்.

"நான் பிறந்த வீடு என் அப்பா தேர்ந்தெடுத்தது. கல்யாணமாகி வந்த வீடு என் கணவர் வீடு. இப்போது இருக்கும் வீடு ஆலை கொடுத்தது. எல்லாம் நல்ல வீடுகள். ஒன்றைக்கூட நான் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் நாட்டை நான் தேர்ந்தெடுத்தேன். உங்கள் மொழியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்."

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை. இருபத்து மூன்று வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன். உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும் என்று ஒரு நாள் கேட்டதில்லை. புத்தகம் எடுத்துக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது.

"போனை ஆட்டாதீங்க!" என்று அவள் தமிழில் கத்தினாள்.

தலைமை ஃபிட்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம், "குடும்பம் வருமா?" என்றார்.

"மகள் படிப்பை முடித்துவிட்டு வருவாள். கணவரை நீங்களே கேளுங்கள்" என்று சொல்லி, என் கையிலிருந்து போனை வாங்கி என் முகத்துக்கு நேரே திருப்பிவிட்டாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தறியைப் பார்த்தபடி நின்றாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

வாயைத் திறந்தேன். "வருகிறேன்" என்று அந்த மொழியில் சொன்னேன். நான் அந்த மொழியில் உச்சரித்த முதல் வார்த்தை. எனக்கே கேட்கவில்லை. அவர் காதில் கையை வைத்து முன்னால் குனிந்தார். மறுபடி சொன்னேன். அதுவும் தறிக்குள் விழுந்து காணாமல் போனது.

மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "வருகிறேன்! நானும் வருகிறேன்!" தொண்டை கிழிந்தது. ஷெட்டில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. அவள் போனைக் கீழே போட்டிருப்பாள், நான்தான் பிடித்தேன்.

தலைமை ஃபிட்டர் இரண்டு கட்டை விரலையும் தூக்கினார். "மார்ச் மாதம். கம்பளிச் சட்டை கொண்டு வாருங்கள்!" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டே சிரிப்பது தெரிந்தது.

பக்கத்துத் தறிக்காரி எங்கள் முகத்தைப் படித்துவிட்டாள். கையை உயர்த்தி அடுத்த வரிசைக்கு ஜாடை காட்டினாள். அங்கிருந்து அதற்கடுத்த வரிசை. அரை நிமிடத்தில் ஷெட்டின் கடைசி வரைக்கும் கைகள் உயர்ந்து நின்றன, மேஸ்திரி கை உட்பட. அவர் அந்தக் கையை இறக்கியதும் முதல் காரியமாக, "நாலும் பன்னெண்டும் நிக்குது, யாரு பாக்குறது?" என்று கத்தினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அவள் வாசலில் நின்று முழுக் குரலில் படித்தாள். எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மெதுவாகப் படி என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னேன்.

அன்று மாலை பெட்டியை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன், "அங்க போயி நான் என்ன பண்ணுவேன்? ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது."

அவள் என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். "நான் உங்க வீட்டுக்கு வந்தப்ப எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள். "இந்தத் தடவை நீங்க என் வீட்டுக்கு வர்றீங்க. பயப்படாதீங்க, நல்லா வெச்சுக்குவேன்."